புதுப்பிப்பு: கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தோம்

1983 யூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு கால் வைக்காத, நாங்கள் முன்பு வாழ்ந்த கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கணவருடன் காரில் போகலாமா, மனம் தாங்குமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். ஏ9 வீதியால் வவுனியா வந்து, அநுராதபுரம், புத்தளம் ஊடாக இறங்கி, நீர்கொழும்பில் இரவு தங்கினோம்.

விடியற்காலையில் முதலில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய அந்த மண்டபத்தின் தூணில் கை வைத்தபோது, அப்பாவின் தோளில் இருந்து பார்த்த தீபாராதனை அப்படியே நினைவுக்கு வந்தது. கணவர் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றார், அதுவே எனக்குப் போதுமாயிருந்தது.

எங்கள் வீடு இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. ஆனால், அன்று மூன்று நாள் எங்களைத் தம் வீட்டு அறையில் மறைத்து வைத்துச் சோறு போட்ட சிங்கள அம்மாவின் வீடு, ஓடு மாறாமல் எதிரே நின்றது. அவர் காலமாகிவிட்டார். கதவைத் திறந்த மூத்த மகள் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, அன்று போலவே "நங்கி" (சிங்களத்தில் தங்கச்சி) என்று அழைத்தார். நான் வாய்விட்டு அழுதேன். அம்மாவின் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிட்ட பிறகு, மதியச் சாப்பாட்டை உண்ணாமல் போகக் கூடாது என்று எங்களை இருத்திவிட்டார். தைப்பொங்கலுக்கு அவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்.