மறுமொழி: நைட்ரோ எஞ்சின் 'பிரேக்-இன்': 'பழக்கோட்டம்' சரிவருமா?

வணக்கம்.

நைட்ரோ மான்ஸ்டர் டிரக் (நைட்ரோ எரிபொருளில் ஓடும், ரிமோட்டில் ஓட்டும் பெரிய சக்கர மாதிரி வண்டி) பராமரிப்புக் கையேட்டின் சொற்பட்டியலில் 'பிரேக்-இன்', அதாவது புது எஞ்சினை முதலில் மிதமாக ஓட்டித் தயார்செய்வது, என்ற வரிசை இன்னும் காலியாகவே இருக்கிறது. வெள்ளோட்டம், தேய்வோட்டம், பதப்படுத்தல், அமைவோட்டம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. என் பங்குக்கு 'பழக்கோட்டம்' என்பதை ஐந்தாவதாக வைக்கிறேன். இந்த எஞ்சினைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களும் இழையில் இருப்பதால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் சொல் தேடினால் இன்னும் பத்து மடல் போகும்.

டிராக்ஸஸ் டி-மேக்ஸை எடுத்துக்கொள்வோம். 1999-ல் வந்த வண்டி. நைட்ரோ மான்ஸ்டர் டிரக் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். முதலில் 2.5 சிசி, பிறகு 3.3 சிசி எஞ்சின். இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது, கம்பிச்சுருள் கனன்று எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்தான். தனியாக எஞ்சின் ஆயிலும் கிடையாது. மெத்தனால், நைட்ரோமீத்தேனோடு எண்ணெயும் எரிபொருளிலேயே கலந்து வருகிறது. நம் விவாதத்துக்கு முக்கியமான மூன்றாவது சங்கதி: பிஸ்டனைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் ரிங்கும் கிடையாது.

ரிங் இல்லாமல் கம்ப்ரஷன் எப்படி நிற்கிறது? பிஸ்டனும் சிலிண்டரின் உள்ளுறையும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும் நெருக்கத்தால்தான். பிஸ்டன் அலுமினியக் கலவை. உறை பித்தளை, உட்புறத்தில் குரோமியப் பூச்சு. இந்த உறை மேலே போகப்போக மயிரிழை அளவுக்குக் குறுகும். அதனால் புது எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் கையால் சுற்றினால் பிஸ்டன் மேல்முனையில் வந்து இறுகி நின்றுவிடும். எஞ்சின் ஓடிச் சூடேறும்போது வெப்பம் அதிகம் தாக்கும் மேற்பகுதி அதிகம் விரிந்து, குறுகலும் சரியாகிவிடும். குளிரில் இறுக்கம், சூட்டில் அளவான பொருத்தம்: வடிவமைப்பே அப்படித்தான். முதல் சில டேங்க் எரிபொருளில், மிதமாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, இந்த இரண்டு உலோகப் பரப்புகளையும் ஒன்றுக்கொன்று இணங்கவைப்பதுதான் பிரேக்-இன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் புஷ்களும் இதே நேரத்தில்தான் தங்கள் இடத்தில் உட்காருகின்றன.

இனி வந்த சொற்கள்.

> வெள்ளோட்டம் என்று அழகான சொல் இருக்கும்போது எதற்குப் புதிதாக ஒன்று?

அழகான சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் தேர் வெள்ளோட்டத்தில் நாம் என்ன செய்கிறோம்? அச்சு தாங்குகிறதா, சக்கரம் சரியாகத் திரும்புகிறதா என்று பார்க்கிறோம். பார்த்து முடித்த பிறகும் அது அதே தேர்தான். பிரேக்-இன் முடிந்த எஞ்சின் பழைய எஞ்சின் இல்லை, உலோகப் பரப்பே மாறியிருக்கும். இது வெறும் நுணுக்கச் சண்டை இல்லை. வெள்ளோட்டம் என்று படிக்கிற பையன் ஒரு டேங்க் ஊற்றி, முழு வேகத்தில் தெருவைச் சுற்றிவந்து, "ஓடுது, சரி" என்று முடித்துவிடுவான். பிஸ்டன் அன்றைக்கே போச்சு. அதோடு கியர் மாற்றிய பிறகும் ஷாக் அப்சார்பர் மாற்றிய பிறகும் ஓட்டிப் பார்க்கும் வேலைக்கு ஒரு சொல் வேண்டும். வெள்ளோட்டத்தை அந்த வரிசைக்கு வைத்துக்கொள்வோம்.

தேய்வோட்டம் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தேய்மானம் கொஞ்சம் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே கையேட்டில் நான்கு அத்தியாயம் தள்ளி, கம்ப்ரஷன் போன எஞ்சினைப் பற்றிச் சொல்லும்போது தேய்வு என்பது கோளாறின் பெயர். ஒரே சொல் ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் நோய் என்றால் படிப்பவர் குழம்புவார். பதப்படுத்தலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, தோலும் மீனும் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டன.

> மெக்கானிக் 'செட் ஆகட்டும்' என்கிறாரே, அதிலிருந்து அமைவோட்டம்.

சிலிண்டரை 'போர்' செய்து (உட்புறத்தைக் கடைந்து) வந்த பைக்கைக் கையில் கொடுக்கும்போது "கொஞ்ச நாளைக்கு முறுக்காதீங்க, பிஸ்டன் செட் ஆகட்டும்" என்பார்கள். பட்டறைப் பேச்சிலிருந்து சொல் எடுப்பது எனக்கும் பிடித்த வழிதான். சிக்கல் எங்கே என்றால், இதே அத்தியாயத்தில் கார்புரேட்டரின் உயர்வேக ஊசி, தாழ்வேக ஊசி, ஐடில் திருகு மூன்றுக்கும் 'அமைவு' என்று ஏற்கெனவே எழுதிவிட்டோம். "அமைவோட்டத்தின்போது ஊசி அமைவை மாற்ற வேண்டாம்" என்ற வாக்கியத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

பழக்கு என்ற வினை நம் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. புது இரும்புத் தோசைக்கல்லைப் பழக்குகிறோம்: சூடாக்கி, எண்ணெய் தடவி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி. எஞ்சினுக்குச் செய்வதும் ஏறக்குறைய இதே வரிசைதான். புதுத் தோசைக்கல்லை யாரும் வெள்ளோட்டம் விடுவதில்லை.

> பழக்கம் உயிருள்ளவற்றுக்குத்தானே? காளையைப் பழக்கலாம், இரும்பைப் பழக்கலாமா?

மேலே சொன்னதே இதற்கும் பதில். இன்னொரு வசதி, வினையாக எல்லா இடத்திலும் வளைகிறது: எஞ்சினைப் பழக்கு, பழக்கிய எஞ்சின், பழக்காத எஞ்சின், இன்னும் பழகவில்லை. 'வெள்ளோட்டம் விடப்படாத எஞ்சின்' என்று இழுக்க வேண்டியதில்லை. 'ஓட்டம்' எதற்கு, வண்டி நின்ற இடத்திலேயே ஐடிலில் வைத்தும் செய்கிறார்களே என்று இன்னொருவர் கேட்டிருந்தார். நின்ற வண்டியைப் பார்த்தும் "எஞ்சின் ஓடுது" என்றுதானே சொல்கிறோம்?

சொல் பத்தியில் உட்காருகிறதா என்று பார்க்க இப்படி எழுதிப் பார்த்தேன்:

"பழக்கோட்டத்துக்கு முன் எஞ்சின் தலையை ஹேர் டிரையரால் சூடாக்கிக்கொள்ளவும். ஊசிகள் தயாரிப்பாளர் சொன்ன தொடக்க நிலையில், எரிபொருள் சற்று மிகுதியாகப் போகும்படி இருக்கட்டும்; சைலன்சரில் வெண்புகை நன்றாகத் தெரிய வேண்டும். முதல் டேங்கில் ரிமோட்டின் வேக ட்ரிகரைக் கால் பங்குக்கு மேல் இழுக்க வேண்டாம். அடுத்தடுத்த டேங்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். இழுத்துப் பிடித்தபடியே ஓட்டாமல், இரண்டு விநாடி வேகம், பிறகு தளர்வு என்று விட்டுவிட்டு ஓட்டவும். ஒவ்வொரு டேங்க் முடிந்ததும் நிறுத்தி, ஃபிளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்து, முழுக்க ஆறவிடவும். மேல்முனையில் விட்டால், ஆறும் உறை பிஸ்டனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். 3.3 எஞ்சினுக்கு ஐந்து டேங்கில் பழக்கோட்டம் முடியும்."

எனக்கு இடறவில்லை. உங்களுக்கு எங்காவது இடறினால் சொல்லுங்கள்.

இந்தச் சொல்லில் இன்னொரு லாபமும் உண்டு. புது எஞ்சினை எரிபொருளில் முக்கி எடுத்ததுபோல, சூடே ஏறவிடாமல் ஓட்ட வேண்டும் என்று ஒரு பழைய உபதேசம் இன்னும் சுற்றுகிறது. ரிங் இல்லாத எஞ்சினுக்கு அது கெடுதல். தலை வெப்பம் 90 டிகிரி செல்சியஸை ஒட்டியாவது வந்தால்தான் உறை விரியும். இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் குறுகலில் மோதி, பழகுவதற்குள் தேய்ந்துவிடும். குளிர் நாடுகளில் எஞ்சின் தலையைச் சுற்றி அலுமினியத் தாள் கட்டி ஓட்டுகிறவர்கள் இதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். பழக்குதல் என்றதும் தமிழருக்குச் சூடும் சேர்ந்தே மனதில் வரும்.

எல்லை எங்கே என்பதையும் குறித்துவிடலாம். 2.5 எஞ்சினைக் கழற்றி 3.3 பொருத்தினால் முழுப் பழக்கோட்டம். எஞ்சினை வைத்துக்கொண்டு பிஸ்டனும் உறையும் மட்டும் புதிதாகப் போட்டாலும் முழுசாகத்தான். ராட் மட்டும் மாற்றினால் சுருக்கமாக. க்ளோ பிளக் மாற்றியதற்கு ஒன்றும் வேண்டாம். பிரேக் டிஸ்க், கிளட்ச் ஷூ, மின் வண்டிகளின் பிரஷ் மோட்டார் இவற்றுக்கும் புதிதில் இதே மாதிரி ஒரு கட்டம் உண்டு. மோட்டாரில் கார்பன் பிரஷ், தான் உரசும் சுழல் செப்பு உருளையான காம்யுடேட்டரின் வளைவுக்குத் தேய்ந்து பொருந்த வேண்டும். இவற்றுக்கு 'பழக்கல்' என்று மட்டும் வைத்துக்கொண்டு, 'ஓட்டம்' சேர்ந்ததை எஞ்சினுக்கு ஒதுக்கலாம் என்பது என் எண்ணம்.

பக்கத்து வரிசைக்கும் ஒன்று. ஓட்டி முடித்து எடுத்து வைக்கும் முன் எஞ்சினுக்குள் சில சொட்டு விடும் எண்ணெய்க்கு 'ஓட்டப் பின்னெண்ணெய்' என்று யாரோ போட்டிருக்கிறீர்கள். மெத்தனால் ஈரத்தை இழுக்கும், மீந்த எரிபொருள் உள்ளேயே கிடந்தால் பேரிங் துருப்பிடிக்கும், அதற்காக விடுவது. வண்டி ஓய்வுக்குப் போகும்போது விடுவதால் 'ஓய்வெண்ணெய்' போதாதா?

ரிச் (எரிபொருள் மிகுந்த), லீன் (எரிபொருள் குறைந்த) கலவைக்கு வந்த 'பணக்காரக் கலவை'யை நகைச்சுவையாகத்தான் எழுதியிருப்பார் என்று நம்புகிறேன். அதற்குத் தனி இழை வேண்டும்.

பட்டியலில் இப்படி ஏற்றலாமா: பெயர்ச்சொல் பழக்கோட்டம், வினை பழக்கு, உதிரிபாகங்களுக்குப் பழக்கல், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'பிரேக்-இன்'. கிளட்ச் ஷூவைப் பற்றிய என் கணிப்பைப் பட்டறை அனுபவம் உள்ள யாராவது சரிபார்த்துச் சொன்னால் நல்லது.

அன்புடன்.