மறு: ‘கான்டாக்ட் டைம்’ – ஊறுநேரமா, ஈரநேரமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

கிருமிநாசினி வேலை செய்வதற்கு, அது பட்ட இடத்தில் காயாமல் இருக்க வேண்டிய நேரத்தை ஆங்கிலத்தில் ‘கான்டாக்ட் டைம்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற கேள்வியைக் கிளப்பிவிட்டு நான்கு நாளாக வாய் திறக்காமல் இருந்துவிட்டேன். மன்னிக்கவும். இதுவரை வந்த சொற்கள்: தொடர்பு நேரம், தொடுகை நேரம், தங்குநேரம், கொல்நேரம், ஊறுநேரம், ஈரநேரம். ஒவ்வொன்றையும் பற்றி எனக்குத் தோன்றுவதை எழுதிவிடுகிறேன். அதற்கு முன், இந்தச் சொல்லுக்காக நான் ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறேன் என்று சொல்ல வேண்டும்.

வீட்டில் ஒருவருக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கத் துண்டறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். கிருமிநாசினி பற்றிய பகுதியில் ‘தொடர்பு நேரம்: 1 நிமிடம்’ என்று போட்டேன். அகராதிப்படி தப்பில்லை. பெரியம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியை மூக்கின் நுனிக்குத் தள்ளிக்கொண்டு படித்தவர், “யாரைத் தொடர்பு கொள்ளணும்? நம்பரே போடலியே?” என்றார்.

சரி, செய்துதான் பார்ப்போமே என்று பாட்டிலையும் துணியையும் கையில் கொடுத்தேன். கதவுக் கைப்பிடியில் இரண்டு முறை பீச்சினார். அடுத்த கையில் இருந்த துணியால் உடனே துடைத்தார். மொத்தமே மூன்று விநாடி. “பளிச்சுன்னு ஆயிடுச்சு பாரு.” பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் மருந்து வேலை செய்வதற்குள் அதைத் துணியில் ஏற்றிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நானும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன். ஈரத்தைக் கண்டால் துடைப்பது கையின் பழக்கம். அந்தக் கையைத் தடுத்து நிறுத்துகிற சொல்தான் நமக்கு வேண்டும். மூலச்சொல்லுக்கு அது எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

இனி சொற்களுக்கு வருகிறேன்.

> ‘தொடுகை நேரம்’ என்பதே நேரான சொல். மூலத்தை விட்டு விலகினால் நாளைக்குத் திரும்பப் பெயர்க்க முடியாது.

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. இலங்கை வழக்கில் ‘தொடுகை’ நன்றாகப் புழங்கும் சொல் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் தொற்றுக் காலத்தில் ‘தொடுகை’, ‘தொடர்பு’ இரண்டும் ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டன. ‘நோயாளியுடன் தொடர்பில் இருந்தவர்கள்’ என்று அதே துண்டறிக்கையின் முதல் பத்தியில் வருகிறது. ‘தொடுகை மூலம் பரவும்’ என்று இரண்டாம் பத்தியில் வருகிறது. மூன்றாம் பத்தியில் ‘தொடுகை நேரம் 1 நிமிடம்’ என்று போட்டால், ஒரு நிமிடம் தொட்டால்தான் நோய் ஒட்டும் என்று ஒருவர் புரிந்துகொள்ள மாட்டாரா? இன்னொன்று, மூலமொழியிலேயே இந்தச் சொல் தனியாக நின்று வேலை செய்வதில்லை. கிருமிநாசினிப் புட்டிகளில் நேரத்தைச் சொல்லிவிட்டு, ‘பரப்பு கண்ணுக்குத் தெரியும்படி ஈரமாக இருக்க வேண்டும்’ என்று கூடவே எழுதுகிறார்கள். விளக்கம் வைத்தால்தான் புரியும் சொல்லுக்கு நாம் ஏன் விசுவாசமாக இருக்க வேண்டும்?

> தங்குநேரம். சின்னச் சொல். மருந்து தங்கும் நேரம்.

எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் இங்கே வேண்டாம், அதை வேறொன்றுக்கு எடுத்து வைக்கலாம். வைரஸ் ஒரு பரப்பில் எவ்வளவு நேரம் பிழைத்துக் கிடக்கிறது என்பதற்கும் ஒரு சொல் தேவை அல்லவா? 2020-இல் கொரோனா வைரஸை ஆய்வகத்தில் சோதித்தபோது செம்பின் மேல் 4 மணி நேரம், அட்டையின் மேல் 24 மணி நேரம், பிளாஸ்டிக்கிலும் துருப்பிடிக்காத எஃகிலும் இரண்டு மூன்று நாள் வரை என்று கண்டார்கள். அதுதான் தங்குநேரம். விருந்தாளி தங்குவதைப் போல, அழைக்காமல் வந்து தங்குவது. மருந்துக்கும் வைரஸுக்கும் ஒரே சொல்லை வைத்தால் நம் கலைச்சொல் அட்டவணையில் குழப்பம்தான் மிஞ்சும்.

> கொல்நேரம்னு போடுங்க, பட்டுனு புரியும்.

தம்பி, பட்டென்று புரியும், ஆனால் தப்பாகப் புரியும். வைரஸை உயிர் என்று சொல்வதிலேயே தகராறு இருக்கிறது. அதன் உறையையோ புரதத்தையோ சிதைத்துச் செயலிழக்க வைக்கிறோம், அவ்வளவுதான். அதைக்கூட விட்டுவிடலாம், ‘கிருமிநாசினி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் தயக்கம் வேறு. இந்த நேரம் மருந்துக்கு மட்டும் உரியதில்லை, எந்தக் கிருமி என்பதையும் பொறுத்தது. ஒரே புட்டியில் ஒரு கிருமிக்கு 1 நிமிடமும் இன்னொன்றுக்கு 10 நிமிடமும் போட்டிருப்பார்கள். கொரோனா, இன்புளுயன்சா போன்றவற்றுக்குக் கொழுப்பாலான உறை உண்டு. சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் கரைத்துவிடும். வாந்தி பேதியைக் கொண்டுவரும் நோரோ வைரஸுக்கு அந்த உறையே இல்லை. ஆல்கஹால் அதனிடம் அவ்வளவாக எடுபடாது. ‘கொல்நேரம்’ என்றால் நேரம் முடிந்ததும் எல்லாம் செத்தது என்ற நிம்மதி வந்துவிடும். அந்த நிம்மதி ஆபத்து.

இப்போது ஊறுநேரம். மருந்தாளுநர் அக்கா இதை முன்வைத்தபோது ஒரு நாள் முழுக்க இதுதான் சரி என்று இருந்தேன். காரணம், ‘ஊறு’ என்பதற்குத் தொடுதல் என்ற பொருளே உண்டு. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்று வள்ளுவர் ஐம்புலனையும் அடுக்கும்போது ஊறு என்பது தொட்டறிதல். அப்படிப் பார்த்தால் ஐயா கேட்ட தொடுகையும் உள்ளே வந்துவிடுகிறது, ஊறவைத்தலும் வந்துவிடுகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். போதாததற்கு வினைத்தொகை வேறு. சொல்லாக்குபவனுக்கு இதைவிடக் குளிர்ச்சியான செய்தி இருக்க முடியாது.

அப்புறம்தான் உறைத்தது. படிக்கிறவர் மனதில் முதலில் எழுவது வள்ளுவரின் ஊறு இல்லை, வாளிக்குள் கிடக்கும் துணி. ஊறுதல் என்றால் உள்ளே இறங்குதல். எஃகுக் கைப்பிடியில் எது இறங்கும்? பெரியம்மாவிடம் ‘ஊறுநேரம் 1 நிமிடம்’ என்று காட்டினேன். “கைப்பிடியைக் கழட்டித் தண்ணில போடணுமா?” என்றார். போதாக்குறைக்கு ‘ஊறு விளைவிக்கும்’ என்று செய்தித்தாளில் வரும் ஊறு, அதாவது கேடு, பக்கத்திலேயே நிற்கிறது.

ஆனால் அக்காவின் சொல்லை வீசிவிட மாட்டேன். அது துணிக்குரிய சொல். நோயாளியின் படுக்கை விரிப்பையும் துண்டையும் இயந்திரத்தில் 60 பாகை செல்சியசுக்கு மேல் சுடுநீரில் துவைக்க முடியாவிட்டால், சோப்பும் சுடுநீரும் கொண்டு அலசிவிட்டு, 0.05% குளோரின் கரைசலில் சுமார் 30 நிமிடம் போட்டு வைக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே துணி உண்மையாகவே ஊறுகிறது. அந்த 30 நிமிடம் ஊறுநேரம். ஒரு மூலச்சொல்லுக்கு இரண்டு தமிழ்ச்சொல் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. செயல் இரண்டாக இருக்கும்போது சொல்லும் இரண்டாக இருப்பதுதான் இயல்பு.

மேசை, கைப்பிடி, சுவிட்ச், தண்ணீர்க் குழாய்த் திருகு இவற்றுக்கு ஈரநேரம்.

பெரியம்மாவுக்குச் சொல்லை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: ‘ஈரநேரம்: 1 நிமிடம்’. படித்தார். பீச்சினார். துணியை எடுத்தவர் நிறுத்தினார். “அதுவரைக்கும் ஈரமா இருக்கணுமோ?” என்றார். யாரும் விளக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். இருவரும் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பீச்சிய ஆல்கஹாலில் பாதி சொட்டாக இறங்கிக் கீழே போனது. மீதி, மேல்விளிம்பிலிருந்து காய ஆரம்பித்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் முப்பது எண்ணுவதற்குள் பளபளப்பு போய் மங்கிவிட்டது, அடியில் ஒரே ஒரு துளி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. “காஞ்சுபோச்சே, நிமிஷம் ஆகலியே” என்றார். விசிறியை நிறுத்திவிட்டு, பீச்சுவதற்குப் பதில் துணியை நன்றாக நனைத்துக் கைப்பிடியைச் சுற்றிப் பூசினார். இந்த முறை போதவில்லை என்று தோன்றியதும் இன்னொரு முறை பூசினார். ஈரநேரம் என்ற சொல் வந்ததும் ‘காய்நேரம்’ என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. காய்நேரம் ஈரநேரத்தைவிடக் குறைவென்றால் மறுபடியும் பூச வேண்டும். தொடுகை நேரம் என்று சொல்லியிருந்தால் இந்தக் கணக்கு யாருக்கும் தோன்றியிருக்காது.

ஆல்கஹாலில் 95 சதவீதத்தைவிட 70 சதவீதம் நல்லது என்பது பலருக்கு விந்தையாக இருக்கிறது. இந்தச் சொல்லை வைத்து அதையும் பாதி விளக்கிவிடலாம். புரதத்தைக் குலைக்கத் தண்ணீரும் வேண்டும் என்பது ஒரு காரணம். தண்ணீர் கலந்திருந்தால் மெதுவாகக் காயும் என்பது இன்னொன்று.

இனி ஆட்சேபங்கள்.

> ஈரம் என்றால் இரக்கம். ‘ஈர நெஞ்சம்’ என்கிறோம். ஈரநேரம் என்றால் கருணை காட்டும் நேரமா?

சிரித்துவிட்டேன் ஐயா. வைரஸுக்கு ஒரு நிமிடம் கருணை என்று வைத்துக்கொள்வோமே. ஆனால் கிருமிநாசினிப் புட்டியில் அச்சிட்ட சொல்லை யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள். இடம் பொருளைக் காட்டிவிடும். ‘ஈர நேரம்’ என்று பிரித்து எழுதினால் மழைக்காலம் போல ஒலிக்கிறது என்று இன்னொருவர் சொன்னது சரி. சேர்த்தே எழுதுவோம்.

> கைகளுக்கும் இதே சொல்லா?

இல்லை. இதைக் கேட்டவருக்கு நன்றி, நான் யோசிக்கவே இல்லை. கையில் தேய்க்கும் சானிடைசரில் முறையே தலைகீழ். அங்கே ‘காயும்வரை தேய்’ என்பதுதான் கட்டளை. 20 முதல் 30 விநாடி. பரப்பில் காயவிடக் கூடாது, கையில் காயும்வரை விடக் கூடாது. அதற்குத் ‘தேய்ப்புநேரம்’ என்று போட்டிருக்கிறேன். சோப்பால் கழுவுவதற்கும் அதே 20 விநாடி, குறைந்தபட்சம். ஏற்பில்லையென்றால் சொல்லுங்கள்.

சொல்லோடு போகவேண்டிய வாக்கியங்களையும் இப்படி மாற்றியிருக்கிறேன், கண்ணில் படும் பிழைகளைத் திருத்துங்கள்:

‘முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கைத் துடைக்கவும். அழுக்கு இருந்தால் மருந்து அதோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். 5% பிளீச் 20 மி.லி.யைத் தண்ணீரில் விட்டு மொத்தம் 1 லிட்டர் ஆக்கினால் 0.1% கரைசல் கிடைக்கும். சுடுநீர் வேண்டாம். அன்றன்றைக்குக் கலக்கவும். பரப்பில் பூசி, ஈரநேரம் குறைந்தது 1 நிமிடம், அல்லது புட்டியில் உள்ளபடி. வாந்தி, பேதி பட்ட இடமானால் குறைந்தது 5 நிமிடம். பிறகு வெறும் தண்ணீரால் துடைக்கவும். பிளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ வேறெந்தத் துப்புரவு நீர்மமோ கலக்கவே கூடாது. நச்சு வாயு வரும்.’

‘மல்லுக்கட்டி’ துண்டறிக்கைக்கு ஆகாது என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருக்கிறார். நான் விடுவதாக இல்லை. ‘மருந்தின் வீரியம் குறையும்’ என்பதைவிட அது நன்றாகத் தைக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். சொல் கிடைத்துவிட்டது என்பதற்காக வீடு முழுவதையும் நனைத்து வைக்க வேண்டாம். கொரோனாவில் பையையும் பெட்டியையும் கழுவிக் கழுவிக் கை வெந்தவர்களில் நானும் ஒருவன். 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், வைரஸ் படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்றது. காற்றில் பரவும் நோய்க்கு ஜன்னலைத் திறப்பதுதான் முதல் வேலை. நோரோ மாதிரிக் கையிலிருந்து வாய்க்குப் போகும் நோயில்தான் ஈரநேரத்துக்கு முழு மதிப்பு. ஆகவே அட்டவணையில் நோய்வாரியாக ஒரு நிரல் சேர்க்கலாமா என்று அக்கா சொல்லட்டும்.

பட்டியலில் இன்றிரவு சேர்க்கப்போவது: பரப்புக்கு ஈரநேரம், துணிக்கு ஊறுநேரம், கைக்குத் தேய்ப்புநேரம், வைரஸுக்குத் தங்குநேரம். தொடுகை நேரத்தைப் பாடப்புத்தகத் தேவைக்கு மாற்றுச்சொல்லாக அடைப்புக்குள் வைத்துவிடலாம் ஐயா, திரும்பப் பெயர்ப்பவருக்கு உதவும்.

அடிக்கடி கைபடும் இடங்களுக்குக் ‘கைபடு பரப்பு’ என்று தம்பி எழுதியது அருமை. அதை இங்கே நுழைத்தால் இழை இன்னும் நான்கு நாள் ஓடும், தனியாகத் தொடங்குங்கள்.