சரயேவோவில் சாண்ட்விச் உண்டா? வரலாற்றுக் காமிக்ஸில் சிரிப்பு எங்கே நிற்கவேண்டும்
(புனைபெயர்களில் நால்வர் பேசிக்கொள்வது)

மூலச்சான்று:
9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு வரலாற்றைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் சித்திரநாவல்களை எல்லாரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். அமெரிக்க ஓவியர் நேதன் ஹேல் 2012இல் தொடங்கிய ‘ஹசார்டஸ் டேல்ஸ்’ வரிசைதான் எப்போதும் முதல் எடுத்துக்காட்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. நகைச்சுவைக்காகச் சுருக்கும்போது முதலில் கழன்று விழுவது காரணம், மிஞ்சுவது துணுக்கு. சரயேவோவையே பாருங்கள்: 1914இல் ஆஸ்திரிய முடியிளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் மனைவி சோஃபியையும் பிரின்சிப் என்ற போஸ்னிய செர்ப் இளைஞன் சுட்டுக்கொன்ற ஊர். “பிரின்சிப் சாண்ட்விச் வாங்கப் போனான், எதிரே இளவரசரின் கார் வந்து நின்றது, உலகப்போர் மூண்டது” என்று இன்று பலரும் ஒப்பிக்கிறார்கள். சமகாலச் சான்று எதிலும் அந்த சாண்ட்விச் கிடையாது. ஆனால் ஒரு படக் கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குகிறது, சிரிப்பும் வருகிறது. அதனால்தான் சாகாமல் இருக்கிறது.

கட்டம்கட்டி:
சாண்ட்விச்சைக் காமிக்ஸ் தலையில் கட்டாதீங்க சார். ஆவணப்படத்திலும் வலைப்பதிவிலும் வளர்ந்த கதை அது. உண்மையில் நடந்ததே அதைவிடக் கோமாளித்தனமானது. 28 ஜூன் 1914, காலை. ஆறு கட்டத்தில் ஒரு பக்கம் போடலாம்:

கட்டம் 1: பிரின்சிப்பின் கூட்டாளி சாப்ரினோவிச் குண்டை வீசுகிறான். 2: குண்டு இளவரசர் காரின் மடித்த கூரைத்துணியில் பட்டு உருண்டு விழுகிறது. 3: திரியில் சில நொடி தாமதம் இருப்பதால் பின்னால் வந்த காருக்கு அடியில் வெடிக்கிறது. 4: சயனைடை விழுங்குகிறான், அது வேலை செய்யவில்லை, வாந்திதான் வருகிறது. 5: மில்யாட்ஸ்கா ஆற்றில் குதிக்கிறான். 6: கோடைகாலம், ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

ஒரு வரி கற்பனை இல்லை. ஆறாவது கட்டம் வலப்பக்கத்தின் அடியில் வரவேண்டும், பக்கம் புரட்டியதும் போலீஸ் இழுத்துப் போவது தெரியவேண்டும். இடப்பக்கத்தில் போட்டால் எதிர்ப்பக்கம் முன்கூட்டியே கண்ணில் பட்டுச் சிரிப்பு செத்துவிடும். இந்த வேலையில் பாதி, எந்தக் கட்டம் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்ற கணக்குதான்.

மூலச்சான்று:
என் வாதத்தை நீங்களே நிரூபித்துக் கொடுத்துவிட்டீர்கள். ஆறு கட்டம் கோமாளித்தனம். ஏழாவதில் இரண்டு பேர் சாகிறார்கள், அதில் ஒருவர் சோஃபி. பிள்ளை மனதில் நிற்கப்போவது கணுக்கால் தண்ணீர்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுத்து வருகிறது. நகரமன்றத்தில் இருந்து மருத்துவமனைக்குப் போக வழி மாற்றினார்கள், ஓட்டுநரிடம் சொல்லவில்லை, அவர் பழைய வழியிலேயே திரும்பினார், ஆளுநர் போட்டியோரெக் கத்த, கார் பிரின்சிப்பின் எதிரிலேயே நின்றது. இதை மட்டும் வரைந்தால் ‘தப்பாகத் திரும்பிய ஒரு காரால் உலகப்போர்’ என்று ஆகிவிடுகிறது. கொலை நடந்து சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 28இல்தான் ஆஸ்திரியா செர்பியாமீது போர் அறிவித்தது. நடுவில் ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி கொடுத்த ஆதரவு உறுதிமொழி, ஜூலை 23இல் 48 மணி நேரக் கெடுவோடு செர்பியாவுக்குப் போன இறுதி எச்சரிக்கை எல்லாம் உண்டு. அது முழுக்க மேசையும் தந்தியும். கோமாளித்தனத்துக்கு இடமில்லாததால் அந்த மாதத்துக்கு அரைப் பக்கம்தான் கிடைக்கும். பந்தயம் கட்டுகிறேன்.

கட்டம்கட்டி:
அந்த அரைப் பக்கத்துக்குத்தான் ஹேலின் சட்டகம் உதவுகிறது. 1776 செப்டம்பர் 22இல் பிரிட்டிஷ் படை தூக்கிலிட்ட அமெரிக்க உளவாளியின் பெயரும் நேதன் ஹேல்தான். (ஓவியருக்கும் அதே பெயர். வரிசையே அந்தப் பொருத்தத்தில் பிறந்ததுதான்.) கதைப்படி அந்த உளவாளி தூக்குமேடையில் நின்றுகொண்டே கதை சொல்லிச் சாவைத் தள்ளிப்போடுகிறார். பக்கத்தில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, ஒரு தூக்குக்காரர். அதிகாரி எதையும் நம்பமாட்டார். தூக்குக்காரர் பத்து வயதுப் பிள்ளை கேட்பதையெல்லாம் கேட்பார். வேடிக்கையில் பெரும்பங்கு இந்த மூவரோடு போய்விடும், நிகழ்ச்சியைத் திரிக்க வேண்டியதில்லை.

அதே உத்தியை ஜூலைக்குப் போடுங்கள். ஆஸ்திரியா பத்து கோரிக்கை வைக்கிறது, செர்பியா பெரும்பாலானவற்றுக்குத் தலையாட்டுகிறது. “அப்போ சண்டை வேணாமே?” என்று தூக்குக்காரர் கேட்கிறார். அடுத்த கட்டம் ஜூலை 28 காலை: ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்மே செர்பியாவின் பதிலைப் படித்துவிட்டு, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று குறிப்பெழுதுகிறார். அதற்கடுத்த கட்டம் அதே நாள்: போர் அறிவிப்பு. தூக்குக்காரர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். மேசையும் தந்தியும்தான், பிள்ளை சிரிக்கும், ‘ஏன்?’ என்றும் கேட்கும்.

மூலச்சான்று:
நல்ல பக்கம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே சட்டகத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. மூவர் பேசுவது கற்பனை என்று பிள்ளைக்குத் தெரியும். வில்ஹெல்ம் பேசுவது? இரண்டும் ஒரே வட்டப் பலூனில் வந்தால் எது ஆவணம், எது ஆசிரியர் கைச்சரக்கு? அந்த உளவாளி ஹேலையே பாருங்கள். நாட்டுக்குக் கொடுக்க ஓர் உயிர்தானே இருக்கிறது என்று வருந்தியதாகப் புகழ்பெற்ற கடைசி வாசகம், செவிவழியாக வந்தது. அன்றைய பிரிட்டிஷ் அதிகாரி மெக்கென்சியின் நாட்குறிப்பில் இருப்பது வேறு: தளபதி இட்ட ஆணையை நிறைவேற்றுவது நல்ல அதிகாரியின் கடமை என்று ஹேல் சொன்னாராம். இதில் எதைப் பலூனுக்குள் வைப்பீர்கள்?

சந்திப்பிழை:
லெட்டரிங் (பலூனில் வசனம் எழுதும் வேலை) பக்கம் இருந்து ஒரு வழி. ஆவணத்தில் இருக்கும் சொற்களுக்குச் சதுரப் பெட்டி, மற்றதெல்லாம் வட்டப் பலூன். முதல் பக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அடிக்குறிப்பு போடாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள்.

இதைத் தமிழில் செய்ய நினைப்பவர்களுக்கு வேறு தலைவலி உண்டு. ஆங்கிலப் பலூனில் இருபது சொல் என்றால் தமிழில் எண்ணிக்கை குறையும், ஆனால் ஒவ்வொரு சொல்லும் ரயில்பெட்டி. ‘தூக்கிலிடப்படவிருக்கிறார்’ ஒற்றைச் சொல். பலூனுக்குள் அதை ஒடிக்கவும் முடியாது. முடிந்துபோன படத்தில் தமிழைத் திணித்தால் எழுத்தையும் வரி இடைவெளியையும் சுருக்குவார்கள், உடனே ி, ீ மேல்வளைவுகள் மேல்வரியின் ூ வாலில் போய் முட்டும். 9 பாயிண்ட் எழுத்துக்கு 13 பாயிண்டாவது வரி இடைவெளி வேண்டும். பலூனுக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம், மீறினால் இரண்டு பலூனாகப் பிரியுங்கள். இதை முதல் துண்டுப்படம் (பக்கத்தின் சிறு மாதிரி வரைவு) போடும்போதே முடிவு செய்யுங்கள், மை போட்ட பிறகு அல்ல. கத்தலைக் காட்டத் தமிழில் ஆங்கிலம்போல் கேப்பிடல் எழுத்து இல்லை. தடித்த எழுத்தும் முள்முனைப் பலூனும்தான் கதி.

எம்டன்:
நடுவில் ஒன்று. 2014இல் வந்த முதல் உலகப்போர்த் தொகுதியில் ஹேல் நாடுகளை விலங்குகளாக வரைகிறார்: பிரான்ஸ் சேவல், ரஷ்யா கரடி, பிரிட்டன் புல்டாக். யார் எந்தப் பக்கம் என்று நொடியில் தெரிவது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் ‘நாட்டுக்கு ஒரு விலங்கு’ என்ற விதியில் 31 அக்டோபர் 1914இல் பெல்ஜியத்தின் ஹோலபேக்கில் காட்டிய வீரத்துக்காகப் பிரிட்டனின் உயரிய பதக்கமான விக்டோரியா கிராஸ் பெற்ற இந்தியச் சிப்பாய் குதாதாத் கான் எந்த விலங்கு? அவரும் புல்டாக் என்றால் பிரிட்டனுக்காகப் போன பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் காணாமல் போகிறார்கள். வேறு விலங்கு என்றால் அந்தப் படை யாருடைய ஆணையில் நின்றது என்பது மறையும். புல்டாக் தொப்பி போட்ட புலி என்று இரண்டையும் காட்டலாம். தொப்பி கழல்கிற ஒரு கட்டம் பின்னால் தானே வந்து சேரும்.

(என் பெயருக்குக் காரணமான ஜெர்மானியப் போர்க்கப்பலுக்கு விலங்கே தேவையில்லை. மூன்று புகைபோக்கி, வேடத்துக்குத் துணியில் நாலாவது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுத் தமிழுக்கு ஒரு சொல்லையும் கொடுத்துவிட்டுப் போனது. எட்டுப் பக்கத்துக்குத் தாங்கும்.)

மூலச்சான்று:
கப்பல் சரி. பிரான்ஸில் நடந்த சோம் சண்டையை என்ன செய்வீர்கள்? 1 ஜூலை 1916, ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர்கள் 19,240. தூக்குக்காரர் அங்கேயும் ஜோக் அடிப்பாரா?

கட்டம்கட்டி:
அடிக்கமாட்டார். அதுவரை நூறு பக்கம் வாய் ஓயாமல் பேசியவர் அங்கே பேசாமல் இருந்தாலே போதும். ஆனால் எண்ணை எழுத்தில் போட்டால் பிள்ளை கண் வழுக்கிக்கொண்டு போகும். புள்ளியாகப் போடுங்கள். 130க்கு 190 மில்லிமீட்டர் அச்சுப்பரப்பு, 2 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி: வரிசைக்கு 65, வரிசைகள் 95. பக்கத்துக்கு 6,175. மூன்று பக்கம் விளிம்புவரை நிறைந்து, நாலாவதில் 11 வரிசை வரும். புரட்டப் புரட்டத் தீரவில்லையே என்பது கைக்குத் தெரியவேண்டும், அதனால் இரண்டு முறையாவது தாள் திருப்ப வேண்டியபடி வலப்பக்கத்தில் தொடங்குங்கள்.

சந்திப்பிழை:
2 மில்லிமீட்டரில் புள்ளி 0.8க்கு மேல் போகக்கூடாது, மட்டமான தாளில் மை பரவி ஒட்டிக்கொள்ளும். தனிக் கறுப்பில் அச்சிடுங்கள். நாலு வண்ணக் கலவையில் போட்டால் பதிவு விலகி ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல் விழும். நாலாம் பக்கத்தில் மிச்ச இடத்துக்கு என்ன வசனம்?

மூலச்சான்று:
எதுவும் வேண்டாம். பக்க எண்ணையும் எடுத்துவிடுங்கள்.

சந்திப்பிழை:
எண்ணை எடுத்தால் பைண்டிங்கில் தாள் மாறும், நாலும் ஒரே மாதிரி இருக்கிறதே. வெட்டில் போகிற ஓரத்தில் சின்னதாக வைக்கிறேன்.