பதில்: வேறொரு புரோசஸின் மெமரியை வாசித்தல், தமிழில் என்ன?

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பயிலரங்கக் கையேடு வெள்ளிக்கிழமை மஸ்ஜிட் இந்தியா அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஏழாம் பாடம் மட்டும் தலைப்பில்லாமல் நிற்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் நிரலில் ஒரு வரிகூட மாற்றாமல், அது எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்று பை-ஸ்பை (py-spy) என்னும் கருவி வெளியிலிருந்தே காட்டிவிடுகிறது. அதற்கு அடிப்படை, ஒரு செயல்முறை (புரோசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) இன்னொன்றின் நினைவகத்தை (மெமரியை) வாசிப்பது. அந்த வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம். வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்து எழுதுகிறேன்.

> (பினாங்கு ஆசிரியை) படிவம் நான்கு பிள்ளைகள் மெமரி என்றுதான் சொல்கிறார்கள். 'மெமரி வாசிப்பு' என்று போட்டுவிட்டுப் பாடத்தை நடத்துங்கள். தொல்காப்பியரே வடசொல்லுக்கு வழிவிட்டாரே?

டீச்சர், வகுப்பில் பேசும்போது மெமரி என்றே சொல்லுங்கள். ஆனால் வடவெழுத்தை ஒருவச் (விலக்கச்) சொன்ன அந்த நூற்பா, கையில் இருக்கும் தமிழ்ச்சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. நினைவகம் நம் கையேட்டில் முதல் பாடத்திலிருந்தே இருக்கிறது.

> (ஈப்போ ஐயா) மலாய் மொழியில் மனித நினைவும் 'இங்காத்தான்' (ingatan), கணினியினுடையதும் 'இங்காத்தான்'. நமக்கு மட்டும் '-அகம்' எதற்கு?

ஐயா, இந்தப் பாடம் முழுக்க, நினைவகத்தில் ஒரு தரவு இருக்கும் முகவரியைப் பற்றியது. முகவரிக்கு இடம் வேண்டும். அகம் அந்த இடத்தைச் சொல்கிறது. தாங்கள் தந்த 'குறிப்பறிதல்' அழகான சொல்தான். ஆனால் வள்ளுவர் 71ஆம் அதிகாரத்தில் சொல்வது முகத்தைப் பார்த்து அகத்தை உணர்வது. இங்கே முகக்குறிப்புக்கு வேலையே இல்லை. முகவரியும் பைட் எண்ணிக்கையும் கொடுக்கிறோம், இயங்குதளத்தின் கருவான கெர்னல் அப்படியே நகலெடுத்துத் தருகிறது. 'கூடுவிட்டுக் கூடு பாய்தல்' வேறொரு செயல்முறைக்குள் நம் நிரலைப் புகுத்தி ஓடவிடுவதற்குப் பொருந்தும். அதைப் பத்தாம் பாடத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

'வேவு வாசிப்பு', 'களவு வாசிப்பு' என்று வந்த பெயர்கள் இரண்டையும் நான் கடுமையாக எதிர்க்கிறேன். லினக்ஸில் 3.2 கெர்னலோடு 2012இல் வந்த புரோசஸ்_விஎம்_ரீட்வி (process_vm_readv) என்னும் அழைப்பு, பிழைத்திருத்திக்கு (டீபக்கருக்கு) வேண்டிய அதே உரிமை இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாசிக்க விடும். விண்டோஸில் ஓப்பன்புரோசஸிடம் (OpenProcess) வாசிப்புரிமை கேட்டுக் கைப்பிடி (ஹேண்டில்) வாங்கினால்தான் ரீட்புரோசஸ்மெமரி (ReadProcessMemory) வேலை செய்யும். மேக்கில் டாஸ்க்_ஃபார்_பிட் (task_for_pid) வழியாக, அந்தச் செயல்முறையை அணுகவிடும் டாஸ்க் போர்ட் கிடைக்க வேண்டும். 2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பு முதல், கணினியின் சொந்தச் செயல்முறைகளை ரூட் என்னும் உச்ச உரிமைப் பயனருக்கும் திறந்து விடுவதில்லை. மூன்றிலும் வாசிப்பு ஒரே வரிதான். ஒரு நிரல் மூன்று தளத்திலும் ஓட வேண்டுமென்றால் நாம் மண்டையை உடைத்துக்கொள்வது அதற்கு முந்தைய அனுமதிக்காகத்தான். அனுமதி கேட்டுச் செய்வதைக் களவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூடாது.

> (கிள்ளான் புலவர் ஐயா) 'பிற செயல்முறை' பிழை. பிற என்பது அஃறிணைப் பன்மை. ஒன்றைச் சுட்டினால் 'பிறிது' என்க.

இலக்கணம் சரி ஐயா. ஆனால் 'பிறமொழி' என்று ஒரு மொழியையும் சொல்லித்தானே பழகிவிட்டோம்? 'பிறிதின் நினைவக வாசிப்பு' என்று கரும்பலகையில் எழுதினால் பிறிதுமொழிதல் அணி நினைவுக்கு வந்து, அணியிலக்கணப் பாடம் என்று நினைத்து விடுவார்கள். அதனால்தான் 'அயல்' என்கிறேன். ஒரே கணினிக்குள் சுவர் வைத்து அடுத்தடுத்துக் குடியிருக்கும் வீடுகள் இந்தச் செயல்முறைகள். அயல், அகல், அகம் மூன்றையும் ஒரே வேரில் கட்டத் தாங்கள் எழுதிய மடல்களை விரும்பிப் படித்தேன். ஆனாலும் 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' (சொல் அப்பொருள் தரும் காரணம் வெளிப்படையாகத் தோன்றாது) என்று தொல்காப்பிய உரியியலே சொல்லிவிட்ட பிறகு, வேரை வைத்து ஏழாம் பாடத்தை முடிக்க முடியாது.

> (சுபாங் தம்பி) அயல் என்றால் எனக்கு அயல்நாடுதான் நினைவுக்கு வருகிறது, அண்ணே. வேறு கணினியின் நினைவகத்தை வலையமைப்பு வழியாக வாசிப்பதும் உண்டு. அதற்கு என்ன சொல்வீர்கள்?

அதற்குத் 'தொலைநினைவகம்' என்று வைக்கலாம், தம்பி. ஆனால் லினக்ஸின் கையேடே மறுபக்கத்துச் செயல்முறையைத் 'தொலை' என்ற பொருளில்தான் குறிப்பிடுகிறது. ஆகவே உங்கள் மறுப்புக்கு என்னிடம் முழு விடை இல்லை.

இதுவரை எழுதியவர்களில் பெரும்பாலோர் 'அயல்நினைவக வாசிப்பு' பக்கம் வந்திருக்கிறீர்கள். சிலர் ஓய்ந்துபோய் வந்தது தெரிகிறது. தலைப்பில் அதைப் போடுகிறேன். தம்பியின் மறுப்பு அதே பக்கத்தில் அடிக்குறிப்பாகப் போகும். புலவர் ஐயா 'பிறிது' கட்சியிலேயே இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னார், அதையும் பதிந்து வைக்கிறேன். இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள். பக்க வடிவமைப்பை அதுவரை முடிக்க மாட்டேன்.