ஒரே அறையில் மூன்று வகுப்பு, எப்படி அடுக்குவது?

கேள்வி: எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 1 முதல் 3 வரை என் பொறுப்பு, அறை ஒன்றுதான். ஜூன் திறப்புக்குள் தயார் செய்யணும். எண்ணும் எழுத்தும் திட்டத்தின் (தொடக்க வகுப்புகளுக்கான அடிப்படை எழுத்தறிவு, எண்ணறிவுத் திட்டம்) களங்கள், அதாவது படித்தல் போன்றவற்றுக்கான செயல்பாட்டு மூலைகள், எல்லாவற்றையும் வைத்தால் பிள்ளைகள் உட்காரவே இடமில்லை. என்ன செய்கிறீர்கள்?

பதில் 1: வகுப்புவாரியாகப் பிரிக்காதீங்க டீச்சர். அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (வகுப்பு நிலைக்கு வந்தவர்கள்) எனக் கற்றல் நிலைப்படி உட்கார வையுங்கள், அரும்புக் குழந்தைகள் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், மலர் பிள்ளைகள் சுவரோரம் தாங்களே படித்துக்கொள்வார்கள். யார் எந்த நிலை என்று தெரியும்வரை எதையும் ஆணி அடித்து மாட்ட வேண்டாம்.

பதில் 2: களங்களுக்கு மேசை எதற்கு? குறுக்கே கயிறு கட்டி கிளிப்பில் மாட்டுங்கள், படித்தல் களப் புத்தகங்களும் அதிலேயே தொங்கும், பிள்ளைகளுக்கு எட்டும் உயரம் முக்கியம். செயல்வழிக் கற்றல் (முன்பிருந்த, அட்டைகள் வழி கற்கும் முறை) காலத்துக் கீழ்மட்டக் கரும்பலகை, அதாவது பிள்ளைகள் எழுத சுவரின் கீழ்ப்பகுதியில் அமைத்தது, இருந்தால் கறுப்பு பெயிண்ட் அடியுங்கள், அதன்மேல் சார்ட் ஒட்டி மறைப்பது சுத்த வீண். அப்புறம், பீரோவை முதலில் திறந்து பாருங்க, மே மாதம் முழுக்கப் பூட்டியிருந்தால் கரையான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்: சரி சார், கயிறு யோசனை பிடித்தது. ஜன்னல் பக்கம் மழைச்சாரல் அடிக்குமே?

பதில் 2: அப்போ உள்சுவர்ப் பக்கம் கட்டுங்க.