பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியா? மலை ஏறுகிறவர்கள் சொல்லுங்கள்

அண்ணன்மாரே, கம்பத்திலிருந்து தினமும் கேரள எல்லையில் இருக்கும் குமுளிக்குக் காய்கறி ஏற்றுகிறேன். பழைய டீசல் வண்டி இனி தாங்காது. புதிதாக ஒரு குட்டி யானை (டாடா ஏஸ் மினி லாரி) எடுக்கணும்.

போக வர ஐம்பது கிலோமீட்டர்தான். ஆனால் லோயர் கேம்ப் தாண்டினால் மலை. முக்கால் டன் தக்காளியோடு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகிற பஸ் நின்றுவிட்டால், மறுபடி கிளப்பும்போது டீசல் வண்டி இழுக்கும். பெட்ரோல் அங்கே திணறுமா? அதுதான் என் பயம்.

பெட்ரோல் வண்டி விலை குறைவு, சத்தமும் இல்லை. டீசலில் மைலேஜ் உண்டு, ஆனால் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு சென்சார் செலவு அதிகம் என்கிறார் மெக்கானிக். (எதைக் கேட்டாலும் செலவு என்பார், அது வேறு.) பெட்ரோலோ டீசலோ, எப்படியும் கம்பத்தில்தான் போடுவேன், கேரளாவில் விலை கூட.

பெட்ரோல் வண்டியில் லோடோடு மலை ஏறுகிறவர்கள், என்ன மைலேஜ் வருகிறது? கிளட்ச் எத்தனை மாதம் தாங்குகிறது?