மறு: கிளட்ச் மிதி சிக்கினால் என்ன பெயர்? மீளா மிதி, இறங்கா மிதி, விடாப்பிடி

நண்பர்களுக்கு வணக்கம்.

கார்க் கோளாறுகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் இழையில், 'ஸ்டக் கிளட்ச் பெடல்' (சிக்கிக்கொண்ட கிளட்ச் மிதி) என்பதற்கு மிதி இறுக்கம், மிதிச் சிக்கல், ஒட்டிய மிதி, மிதிப் பிடிப்பு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. படிக்க நான்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டு 'கிளட்ச் மிதி சிக்கிக்கிச்சு' என்று சொல்லிப் பாருங்கள். அவர் கேட்கும் முதல் கேள்வி 'மேலேயா, கீழேயா?' என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தராத பெயரை வைத்து அவரால் எதையும் கழற்ற முடியாது.

அதனால் ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும் என்கிறேன். மிதி கீழே போய் அங்கேயே கிடந்தால் அது மீளா மிதி. மேலேயே நின்றுகொண்டு, காலை ஊன்றினாலும் அசையாவிட்டால் இறங்கா மிதி. மிதி ஒழுங்காகப் போய் வருகிறது, ஆனால் கிளட்ச் விடவில்லை, கியர் விழவில்லை என்றால் விடாப்பிடி. கடைசிச் சொல்லைப் புதிதாக உருவாக்கவே வேண்டியதில்லை; ஊரறிந்த சொல். எஞ்சினைப் பிடித்த பிடியைக் கிளட்ச் விடவில்லை என்பதற்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

'கிளட்ச்' என்பதையே மாற்ற வேண்டும் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அது காரோட்டுகிற எல்லோர் வாயிலும் புழங்கும் சொல். நமக்குப் பஞ்சம் கோளாறுகளின் பெயர்களில்தான்.

> மிதி மேலே வராததற்குக் காரணம் மிதியின் ஸ்பிரிங் போனதுதானே. நேரடியாக 'வில் தளர்வு' என்றே வைத்துவிடலாமே?

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். கிளட்ச் மிதியை மேலே கொண்டுவரும் விசையில் பெரும்பங்கு மிதியில் இருக்கும் ஸ்பிரிங்குடையது அல்ல. அது கியர் பாக்ஸுக்கு முன்னால், பிரஷர் பிளேட்டுக்குள் (கிளட்ச் பிளேட்டை எஞ்சின் பக்கம் அழுத்திப் பிடிக்கும் தட்டு) இருக்கும் வட்டத் தகடு ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது. நாம் மிதிக்கும்போது மிதியோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டர் திரவத்தைக் குழாய் வழியாகத் தள்ளுகிறது. மறுமுனையில் ஸ்லேவ் சிலிண்டர் ஒரு கவையை (முனை பிளந்த நெம்புகோல்) நெம்புகிறது. கவை பேரிங்கைத் தள்ளி, அந்தத் தகடு ஸ்பிரிங்கின் விரல்களை அமுக்குகிறது. பிளேட் விலகுகிறது. காலை எடுத்ததும் அந்த விரல்கள் நிமிர்ந்து பேரிங்கையும் கவையையும் திரவத்தையும் வந்த வழியே திருப்பித் தள்ளுகின்றன. மிதி எழுவது அந்தத் தள்ளலால்தான். நடுவில் எங்காவது காற்றோ கசிவோ அடைப்போ இருந்தால் தள்ளல் மிதிவரை வந்து சேராது.

இன்னொரு வேடிக்கை. பல கார்களில் மிதிக்குப் பக்கத்தில் ஒரு துணை ஸ்பிரிங் இருக்கும். மிதி மேலே இருக்கும்போது அதை மேலே நிறுத்திவைக்கும். பாதி வழி தாண்டியதும் பக்கம் மாறி, நம் காலோடு சேர்ந்து கீழே அமுக்கும். மிதிப்பது லேசாக இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. திரவத்தின் தள்ளல் போய்விட்டால், மிதியைத் தரையோடு அமுக்கி வைத்திருப்பது இதே ஸ்பிரிங்தான். ஆக, 'வில் தளர்வு' என்று பெயர் வைத்த கோளாறில் உண்மையில் வில் தெம்பாகத்தான் இருக்கிறது. காரணத்தை ஊகித்துப் பெயர் வைத்தால் இப்படிப் போய் மாட்டிக்கொள்வோம். கண்ணுக்கும் காலுக்கும் தெரிவதை வைத்துப் பெயர் சூட்டுவது மேல். மீளா மிதி என்பதில் எந்த ஊகமும் இல்லை. மிதி மீளவில்லை, அவ்வளவுதான்.

சரி, பெயர் வைத்தாயிற்று, அது சோதனைக்கு உதவுகிறதா என்று பார்ப்போம். மீளா மிதி என்றதும் செய்ய வேண்டியது, காலணி நுனியை அடியில் கொடுத்து மிதியை மெல்லத் தூக்குவது. (அதற்கும் முன்னால் கால்விரிப்பு சுருண்டு மிதியைப் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், அதுவும் நடக்கும்.) எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று வந்தால் திரவப் பக்கம் பார்க்க வேண்டும், கேபிள் வண்டி (திரவத்துக்குப் பதில் கம்பிவடத்தால் கிளட்ச் இயங்குவது) என்றால் கேபிள் அறுந்திருக்கிறது. கரகரவென்று உரசிக்கொண்டு, விட்டுவிட்டு வந்தால் இயந்திரப் பக்கம்: மிதியின் புஷ் (அச்சைச் சுற்றிய உறைவளையம்) தேய்ந்திருக்கலாம், கேபிளின் இழைகள் பிரிந்து உறைக்குள் சிக்கியிருக்கலாம்.

திரவ வண்டியில் மிதியைத் தூக்கித் தூக்கி நாலைந்து முறை அடித்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம் வந்தால் உள்ளே காற்று புகுந்திருக்கிறது. காற்று தானாகப் புகாது; புகுந்த இடத்தைத் தேட வேண்டும். ஸ்டியரிங்குக்கு அடியில் டார்ச் அடித்து, மிதியின் தள்ளுகம்பி சுவருக்குள் நுழையும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். விரல் பிசுபிசுத்தால் மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் (கசிவைத் தடுக்கும் ரப்பர்) போய்விட்டது. அங்கே உலர்ந்திருந்தால் கியர் பாக்ஸ் பக்கம் போய் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்குங்கள். அங்கிருந்து சொட்டினால் அதுதான். சில வண்டிகளில் ஸ்லேவ் சிலிண்டர் வெளியில் இருக்காது. பேரிங்கோடு சேர்ந்து, கியர் பாக்ஸ் தண்டைச் சுற்றி உள்ளே உட்கார்ந்திருக்கும். அதில் கசிந்தால் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஈரம் தெரியும், கியர் பாக்ஸை இறக்காமல் வேலை நடக்காது.

எங்கும் ஒரு சொட்டு ஈரமும் இல்லை, தொட்டியில் திரவமும் குறையவில்லை என்றால் நிறையப் பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கியர் போட்டுக் கிளட்ச்சை மிதித்தபடியே இருங்கள். சிறிது நேரத்தில் மிதி தானாகத் தணிய, வண்டி முன்னால் இழுக்கப் பார்த்தால் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல் திரவத்தைப் பின்பக்கமாகவே நழுவ விடுகிறது என்று பொருள். வெளியே கசியாத கசிவு. இதற்கு 'உட்கசிவு' என்று தனிப்பெயர் வைத்துவிடலாம், யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

இதில் இவ்வளவு சின்ன இழப்பு ஏன் இவ்வளவு பெரிய தொல்லை என்றால், மிதி பத்து, பன்னிரண்டு சென்டிமீட்டர் போனால்தான் மறுமுனையில் பிளேட் ஓரிரு மில்லிமீட்டர் விலகும். மிதியில் பாதித் தூரம் வீணானால் விலகல் அநேகமாக மிஞ்சாது.

திரவக் குழாயின் நடுவே வரும் ரப்பர் ஹோஸைப் பற்றி யாரும் எழுதவில்லை. பழைய ஹோஸ் வெளியே நன்றாக இருக்கும், உட்சுவர் மட்டும் உரிந்து ஒரு மடல்போல் தொங்கும். மிதிக்கும் அழுத்தத்தில் திரவம் அந்தப் பக்கம் போய்விடும். திரும்பி வரும்போது மடல் அடைத்துக்கொள்ளும். மிதி எழாது, கிளட்ச்சும் முழுதாகப் பிடிக்காது. ஸ்லேவ் சிலிண்டரில் உள்ள காற்று நீக்கும் நிப்பிளைக் கால் சுற்று தளர்த்துங்கள். திரவம் சீறிக்கொண்டு வந்து, கிளட்ச் உடனே பிடித்தால் அழுத்தம் அந்தப் பக்கம் சிறைப்பட்டிருந்தது என்று உறுதி. நிப்பிளை மூடிவிட்டு மறுபடி மிதித்து, இந்த முறை மாஸ்டர் சிலிண்டரிலிருந்து குழாய் கிளம்பும் இணைப்பைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே அழுத்தம் இல்லாமல், ஸ்லேவ் பக்கம் மட்டும் இருந்தால் அடைப்பு நடுவில், அதாவது ஹோஸில். இரண்டு இடத்திலும் இருந்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் திரவம் தொட்டிக்குத் திரும்பும் சிறு துளை அடைந்திருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், சீறும் திரவம் கண்ணுக்கு ஆகாது.

இறங்கா மிதிக்கு இவ்வளவு பேச்சு வேண்டாம். பேரிங் தன் வழிக்குழாயில் துருவேறி இறுகியிருக்கும், கவையின் ஊன்றுமுனை தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கேபிள் உறைக்குள் இறுகியிருக்கும். கேபிள் வண்டியில் கேபிளைக் கவை முனையில் கழற்றிவிட்டு மிதித்துப் பாருங்கள். அப்போதும் கடினம் என்றால் பழி கேபிளுக்கோ மிதிக்கோ; லேசாகிவிட்டால் கோளாறு கியர் பாக்ஸ் பக்கம். பலம் காட்டி மிதிக்காதீர்கள். கவை வளையும், மிதியைத் தாங்கும் சட்டம் விரிசல் விடும், அப்புறம் ஒன்றுக்கு இரண்டு செலவு. 'மிதி இறுக்கம்' என்ற சொல்லை இதன் முந்தைய கட்டத்துக்கு, அதாவது மிதி இறங்குகிறது ஆனால் வழக்கத்தைவிடக் கனக்கிறது என்ற நிலைக்கு, வைத்துக்கொள்ளலாம். நல்ல சொல், வீணாக்க வேண்டாம்.

> விடாப்பிடி என்றால் பிடிவாதம். வாசகர் குழம்ப மாட்டாரா?

குழம்ப மாட்டார் ஐயா. 'கிளட்ச் விடாப்பிடி' என்று முன்னொட்டோடு எழுதினால் போதும். இங்கே அந்தப் பழைய பொருளும் துணைக்குத்தான் வருகிறது. இதைத் தனியாகப் பிரிக்க வேண்டிய காரணம் ஒன்று இருக்கிறது: மிதியில் எதுவுமே தெரியாமல் இந்தக் கோளாறு வரலாம். ஈரத்தில் பல நாள் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் பிளைவீலோடு (எஞ்சினோடு சுற்றும் கனத்த சக்கரம்) துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். மிதி சொகுசாகப் போய் வரும், பிளேட் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். சோதனை எளிது. எஞ்சினை அணைத்தால் கியர் எல்லாம் வழுவழுவென்று விழுகிறது, எஞ்சின் ஓடும்போது விழ மறுக்கிறது என்றால் கியர் பாக்ஸைக் குறை சொல்லாதீர்கள், கிளட்ச் விடவில்லை. ரிவர்ஸில் இன்னும் தெளிவாகத் தெரியும். பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ வளையம் கிடையாது. மிதித்து சில விநாடி பொறுத்த பிறகும் ரிவர்ஸ் போடும்போது கறகறவென்று பற்கள் கத்தினால் விடாப்பிடிதான்.

இதற்கு நேர் எதிரானது, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காதது. உயர்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் எஞ்சின் மட்டும் கத்தும், வேகம் ஏறாது. அதற்கு 'நழுவல்' என்று போன வாரம் வந்த சொல்லே போதும்.

பெயரால் உண்மையாகவே கெடுதல் நடக்கும் இடம் ஒன்று உண்டு: 'பிரேக் ஆயில்'. கிளட்ச்சில் இருப்பதும் பல வண்டிகளில் அதே திரவம்தான், சிலவற்றில் தொட்டிகூட ஒன்றுதான். அதன் தரவகைகளான டாட் 3, டாட் 4 இரண்டுமே கிளைக்கால் வகைத் திரவங்கள், கனிம எண்ணெய் அல்ல. 'ஆயில்' என்ற பெயரை நம்பி யாராவது எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் ஊதிப் பெருத்து, மாஸ்டர் சிலிண்டரில் நகர முடியாமல் இறுகும். நேற்றுவரை நன்றாக இருந்த மிதி மீளா மிதியாகிவிடும். சீல் மட்டும் மாற்றித் தப்பிக்கவும் முடியாது. ஆயில் பட்ட எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். எனவே 'பிரேக் திரவம்' என்றே எழுதுவோம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த எல்லை 140. டாட் 4-க்கு இவை 230, 155. ஓடி ஓடிச் சூடான பிறகு மட்டும் மிதி தணிந்து, ஆறியதும் சரியாகிவிடுகிறதா? புகைக்குழாய்க்கு அருகே போகும் குழாயில் பழைய திரவம் ஆவியாகிறதா என்று சந்தேகப்படலாம். திரவத்தை மாற்றிக் காற்றை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், ஸ்லேவ் சிலிண்டருக்கு வந்த அந்த 'அடிமை உருளை'. தயவுசெய்து வேண்டாம். ஆங்கிலத்துக்காரர்களே அந்தச் சொல்லைச் சங்கடத்தோடுதான் பயன்படுத்துகிறார்கள், நாம் ஏன் தமிழில் புதிதாக அடிமை வைக்க வேண்டும்? மிதிப் பக்கம் இருப்பது மிதியுருளை, கவையைத் தள்ளுவது தள்ளுருளை. எது எங்கே இருக்கிறது என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

எனக்குப் பிடிபடாதது அந்தத் துணை ஸ்பிரிங்கின் பெயர்தான். நடுவழியில் பக்கம் மாறுவதால் 'கட்சி மாறும் வில்' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார். சிரித்தேன், ஆனால் பட்டியலில் சேர்க்க முடியாது. 'மையம் தாண்டும் வில்' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். 'வில்' என்பதா 'சுருள்' என்பதா என்ற பழைய சண்டையை மட்டும் இந்த இழையில் தொடங்க வேண்டாம்.